மக்குக்கு ஒரு மூளை

தபால்காரர் இறந்து நாற்பது நிமிஷம்கூட ஆகவில்லை, அவருடைய மூளையைக் கேட்டு ஆள் வந்துவிட்டது.

அந்த நேரத்தில் அவருடைய மனைவி ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் குனிந்து அவருடைய இன்னொரு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அழவேண்டிய நேரத்தில் செருப்புத் தேடுகிறோமே என்று அவளுக்கே தோன்றியது. ஆனால் கை அதுபாட்டுக்குத் தேடிக்கொண்டிருந்தது. தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவள் அவள். எல்லோரும் தையல்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷமாகச் சும்மா இருந்து பழக்கமில்லாத கை.

"அம்மா, நான் ஆராய்ச்சிக் கூடத்துலேருந்து வரேன்" என்றது வாசலில் ஒரு குரல்.

தையல்காரம்மா நிமிர்ந்தாள். முப்பது வயதுப் பெண், தோளில் பை, மார்போடு அணைத்த கோப்பு. கண் சிவந்திருந்தது. வரும் வழியிலேயே அழுதிருப்பாள் போல.

நாற்காலியில் உட்கார்ந்து உரக்க அழுதுகொண்டிருந்த நாத்தனார், தபால்காரரின் அக்கா, அழுகையைச் சட்டென்று நிறுத்திக் கேட்டாள்: "யாரு இது?"

"இவங்கதான் அண்ணி, அந்த டாக்டர் பொண்ணு. வியாழக்கிழமை வியாழக்கிழமை இவர் போவாரே."

"ஓ, அந்த மெஷின்காரியா?" என்றாள் நாத்தனார். விட்ட இடத்திலிருந்து அழ முயன்றாள்; வரவில்லை.

காணாமல்போன செருப்பு அவள் காலில்தான் இருந்தது. பாத்ரூம் போகிற அவசரத்தில் மாட்டிக்கொண்டு போனவள் கழற்றவில்லை.

தபால்காரர் என்று பேர்தானே தவிர, கடைசிப் பதினைந்து வருஷம் அவர் தெருவில் இறங்கி ஒரு கடிதமும் கொடுத்ததில்லை. பெரிய தபால் நிலையத்தில் ஒரு மெஷின் உண்டு. வருகிற கடிதங்களின் முகவரியைத் தானே படித்து ஊர்வாரியாகப் பிரித்துத் தள்ளும். படிக்க முடியாததை ஓரமாக ஒரு தட்டில் துப்பிவிடும். மழையில் கரைந்தது, கோழி கிளறியது மாதிரி எழுதியது, 'பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், நீலக் கதவு, மாமாவுக்கு' என்று மட்டும் இருப்பது, எல்லாம் அந்தத் தட்டில் வந்து விழும். தட்டுக்கு எதிரே போட்ட நாற்காலி அவருடையது. உறையைக் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பார், தலையைச் சாய்ப்பார், 'ம்' என்பார், உரிய பையில் போட்டுவிடுவார். கடிதம் போய்ச் சேர்ந்துவிடும்.

இது எப்படியோ ஆராய்ச்சிக்காரர்கள் காதுக்குப் போயிற்று. மனுஷ மூளை எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், அதே மாதிரி யோசிக்கிற மெஷினைச் செய்துவிடலாம் என்பது அவர்கள் கட்சி. "எப்படிப் படிக்கறீங்க?" என்று அவரைக் கேட்டார்கள். "தெரியலையே. பார்த்தேன், தெரிஞ்சுது" என்றார். அந்த ஒரு 'தெரிஞ்சுது'வைப் பிடிக்க பதினோரு வருஷம் அலைந்தார்கள். வாரா வாரம் அவர் தலையில் கம்பி வைத்த தொப்பி ஒன்றை மாட்டினார்கள். சுரங்கம் மாதிரி இருந்த மெஷினுக்குள் படுக்க வைத்துக் கிறுக்கல்களாகக் காட்டி, மூளையில் எந்த இடம் முழித்துக்கொள்கிறது என்று படம் எடுத்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வியாழக்கிழமைகளில் மட்டும் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அவர்கள் செய்துகொண்டிருந்த மெஷினுக்கு ஏதோ நீளமான பேர் இருந்தது. அவர் வைத்த பேர் மக்கு.

முதல் ஒரு வருஷம் தையல்காரம்மா மக்கு என்பது ஓர் ஆள் என்றே நினைத்திருந்தாள். "மக்கு இன்னிக்கு ஒரு ழகரத்தைப் படிச்சுட்டான்" என்பார். "மக்கு இருக்கற ரூம் ஒரே குளிர்" என்பார். யார் பெற்ற பிள்ளையோ என்று அவள் மக்குக்கென்று தனி டப்பாவில் பிஸ்கட் கொடுத்தனுப்பினாள். டப்பா காலியாகத் திரும்பி வந்தது. கம்பளித் துணியில் கையில்லாத கோட்டு ஒன்று தைக்கலாம் என்று அளவு கேட்டபோது, கொஞ்சம் யோசித்து, "ஃப்ரிட்ஜ் சைஸ் இருப்பான்" என்றார். பாவம், நல்ல பருமன் போலிருக்கிறது என்று அதற்கேற்றபடி தைத்துக் கொடுத்தாள். உண்மை தெரிந்த அன்று அவள் கேட்ட முதல் கேள்வி:

"அப்ப பிஸ்கட்டை யாரு தின்னது?"

"அதுக்கு வாய் இல்லையே" என்றார் அவர்.

டாக்டர் பெண் கட்டிலருகே வந்து போர்வைக்கு வெளியே இருந்த அவர் கையைத் தொட்டாள். பிறகு கோப்பைத் திறந்தாள்.

"அம்மா, இந்த நேரத்துல இதைக் கேக்கறதுக்கு மன்னிச்சுக்கணும். ஐயா தன்னோட மூளையை எங்களுக்குக் கொடுக்கறதா எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கார். நெருங்கின உறவு ஒருத்தரும் சம்மதிச்சாதான் எடுக்க முடியும். சாயங்காலம் நாலு மணிக்குள்ள எடுத்தாகணும். அப்புறம் உள்ள இருக்கற பின்னல் கலைஞ்சு போயிடும்."

நாத்தனார் எழுந்தே விட்டாள். "என்னது? என் தம்பியை மூளை இல்லாம அனுப்பறதா?"

"இருந்தப்பவும் எனக்குப் பெரிசா வித்தியாசம் தெரியலை அண்ணி" என்றாள் தையல்காரம்மா.

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. ஜன்னலோரம் நின்று யாருக்கோ போனில் தகவல் சொல்லிக்கொண்டிருந்த மகள் திரும்பிப் பார்த்தாள். அவள் லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலையில் இருப்பவள். சேதி வந்ததும் எண்ணெய்க் கறையோடு வேலைச் சட்டையிலேயே ஓடி வந்திருந்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று அவள் மூக்கு வழியாக வெளியே வந்தது.

"அது எங்க குடும்பத்து மூளை" என்றாள் நாத்தனார். "எங்க அப்பா மூளை. அப்படியே அவர் ஜாடை."

"மூளைக்கு ஜாடை ஏது அத்தை?" என்றாள் மகள்.

"உனக்கென்ன தெரியும்? எங்க அப்பாவும் இவனை மாதிரிதான். கேட்டதுக்குப் பதில் வராது." கொஞ்சம் யோசித்தாள். கவலை வேறு பக்கம் திரும்பியது. "ஏம்மா, எங்க குடும்பத்துப் புத்தி அதுக்குப் போச்சுன்னா அந்த மெஷின் உருப்படுமா?"

டாக்டர் பெண் பொறுமையாகச் சொன்னாள். மூளையை மெஷினுக்குள் தூக்கி வைப்பதில்லை. முடியைவிட மெல்லிசாகச் சீவி, ஒவ்வொன்றையும் படம் எடுத்து, எந்த இழை எதோடு போய்ச் சேர்கிறது என்று பார்ப்பார்கள். பதினோரு வருஷப் படங்களோடு அதை ஒத்துப் பார்த்தால் அந்த 'தெரிஞ்சுது' எங்கே நடந்தது என்று பிடிபடலாம்.

"எங்க மெஷினுக்கு ஒரு எழுத்தைக் கத்துக்கொடுக்க லட்சம் காகிதம் காட்டணும். அவர் ஒரு தடவை பார்த்தா போதும். மெஷின் ஓடறதுக்கு ஒரு தெருவுக்கு ஆகற கரண்ட் ஆகும். ஐயாவுக்கு ஒரு வாழைப்பழம்தான்."

"ரெண்டு" என்றாள் தையல்காரம்மா. "ஒண்ணு அவருக்குப் பத்தாது."

கட்டிலருகே போய் நின்றாள். அவர் தலை அவளுக்கு நன்றாகத் தெரிந்த தலை. கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு முடி வெட்டுவது அவள்தான். துணி வெட்டுகிற கத்தரிக்கோலைத் தொடாமல், அதற்கென்று தனியாக ஒன்று வைத்திருந்தாள். இடது காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பள்ளம். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தது. அந்த இடம் வந்தால் கத்தரி தானாக மெதுவாகும். வெளியே இவ்வளவும் தெரியும். உள்ளே என்ன ஓடிற்று என்று முப்பத்தாறு வருஷத்தில் ஒரு நாளும் தெரிந்ததில்லை. எது கேட்டாலும் 'ம்'. முகவரியே இல்லாத கடுதாசியைப் படிக்கிற மனுஷன், தினமும் எதிரில் நிற்கிற பெண்டாட்டி மூஞ்சியைப் படிக்கத் தெரியாமல் காலத்தை ஓட்டிவிட்டார். இவர்கள் கேட்டால் மட்டும் தலையையே திறந்து காட்டினார். உயிரோடு இருக்கும்போது வியாழக்கிழமை இவர்களுக்கு. இப்போது மிச்சமும் இவர்களுக்கா?

"பிரிச்சா பழையபடி சேர்க்க முடியாது, இல்லையா?" என்றாள்.

"முடியாதும்மா."

"நான் தொழில் கத்துக்கிட்ட புதுசுல, நல்ல கோட்டு ஒண்ணு எனக்கு வந்துது. உள்ள எப்படித் தைச்சிருக்கான்னு புரியலை. மேலேருந்து எத்தனை பார்த்தாலும் தெரியாது. தையலைப் பிரிச்சு, பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன்."

"திரும்பத் தைச்சீங்களா?"

"அந்தக் கோட்டு போயே போச்சு. அதுக்கப்புறம் நாப்பது கோட்டு தைச்சேன்."

டாக்டர் பெண் படிவத்தையும் பேனாவையும் நீட்டினாள். தையல்காரம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போடுகிற இடத்தைத் தேடினாள். அதற்கு முன்னால் அவள் கண்ணில் பட்டது வேறொன்று.

"இது என்ன?"

படிவத்தின் அடியில் ஒரு கட்டம். 'குடும்பத்தினருக்குத் தெரிவிக்க விரும்புவது' என்று அச்சாகியிருந்தது. கட்டத்துக்குள் நீல மையில் அவர் கையெழுத்தில் மூன்று வரி.

"ஆஸ்பத்திரியில சேர்ந்த அன்னிக்கு எழுதிக் கொடுத்தார்" என்றாள் டாக்டர் பெண். "எங்களால படிக்க முடியலை."

ஊரார் கிறுக்கலையெல்லாம் படித்த மனுஷனின் சொந்தக் கிறுக்கல் உலகப் பிரசித்தம். அவர் எழுதிய விலாசத்தை அவருடைய தபால் நிலையத்து மெஷினே ஒருமுறை துப்பிவிட்டது. அவரே போய் எடுத்து, தள்ளிப் பிடித்துப் படித்து, பையில் போட்டார். எறும்பு மையில் விழுந்து எழுந்து வீட்டுக்குப் போன மாதிரி இருந்தன மூன்று வரிகளும்.

"இது என்னன்னு தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள் தையல்காரம்மா. அவள் கண்ணாடி பனித்துவிட்டிருந்தது. முப்பத்தாறு வருஷத்தில் அவர் அவளுக்கென்று எழுதியது இது ஒன்றுதான்.

நாத்தனார் முதலில் பார்த்தாள். "'கொடுக்காதே'ன்னு எழுதியிருக்கான்" என்றாள் உறுதியாக.

"காகிதத்தைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க அத்தை" என்று மகள் வாங்கினாள். வெளிச்சத்தில் காட்டினாள், போனில் படம் எடுத்துப் பெரிசாக்கினாள். "முதல் எழுத்து 'கொ'. அவ்வளவுதான் தெரியுது."

மணி ஒன்றாகிவிட்டது. டாக்டர் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "வேணும்னா... மக்குகிட்ட கேக்கலாம்."

கட்டிலில் இருப்பவரைத் தவிர எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துத் திறந்தாள். மக்கு இருப்பது ஆராய்ச்சிக் கூடத்தில்தான், இங்கிருந்தும் பேசலாம் என்றாள். "நீங்க தைச்ச கம்பளிக் கோட்டை அது மேலதான் போட்டிருக்கோம்மா. தூசி படாம இருக்கு" என்றாள், ஆறுதலாக இருக்கட்டும் என்று.

மூன்று வரியின் படம் போயிற்று. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது. பிறகு ஒவ்வொரு வரியாக வந்தது. டாக்டர் பெண் வாய்விட்டுப் படித்தாள்.

"'கொள்ளைக் குழு ஓடுது.'"

"என்னது?" என்றாள் நாத்தனார்.

"'வாரிசு வாங்கி மேல் நாட்டுல வச்சிருக்கேன்.'"

நாத்தனார் மார்பில் கையை வைத்துக்கொண்டு நாற்காலியில் விழுந்தாள்.

டாக்டர் பெண்ணின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "'நானே மாட்டிக்கறேன். போலீஸைக் கூப்பிடாதே.'"

வராந்தாவில் சக்கர வண்டி ஒன்று கிறீச்சிட்டபடி போயிற்று.

"மேல்நாட்டுல வாரிசு!" என்றாள் நாத்தனார் கிசுகிசுப்பாக. "அடப்பாவி! நான் அப்பவே நினைச்சேன். வாரா வாரம் தேய்ச்ச சட்டை போட்டுக்கிட்டு எவன் ஆராய்ச்சிக்குப் போவான்?"

"அத்தை, அப்பா பக்கத்து ஊருக்குப் போனாலே சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவார். அவர் எங்க மேல்நாட்டுக்குப் போனார்?"

"இவன் எதுக்குப் போகணும்? தபால்காரன்! எல்லாத்தையும் தபால்லயே முடிச்சிருப்பான்."

"நாற்பத்திரண்டு சதவீதம்தான் நம்பிக்கைன்னு மக்கே சொல்லுது" என்றாள் டாக்டர் பெண், யார் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல்.

தையல்காரம்மா மகள் கையிலிருந்து படிவத்தை வாங்கினாள். எழுத்து எழுத்தாக அவள் பார்க்கவில்லை. மொத்தமாக ஒரு பார்வை பார்த்தாள். உதடு அசைந்தது. மறுபடி ஒரு தரம் அசைந்தது. கட்டிலின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"கொல்லைக் குழாய் ஒழுகுது" என்று படித்தாள். "வாஷர் வாங்கி மேல் தட்டுல வச்சிருக்கேன். நானே மாட்டிடறேன். பிளம்பரைக் கூப்பிடாதே."

மகள் எட்டிப் பார்த்தாள். தெரிந்த பிறகு பார்த்தால் அவ்வளவும் பளிச்சென்று அதுதான். வேறெதுவாகவும் இருக்க முடியாது.

எட்டு மாசமாகக் கொல்லைக் குழாய் ஒழுகுகிறது. எட்டு மாசமாக, காலையில் காபி டம்ளரை நீட்டும்போது ஒரு தரம், ராத்திரி விளக்கணைக்கும்போது ஒரு தரம் அவள் சொன்னாள். எட்டு மாசமும் 'ம்'. சுவரிடம் சொல்லியிருந்தால் காரையாவது உதிர்ந்திருக்கும் என்று திட்டியிருக்கிறாள். அவர் காதில் விழுந்திருக்கிறது. கடைக்குப் போயிருக்கிறார், வாங்கியிருக்கிறார், வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் படுக்க வந்த அன்று, உலகத்துக்கே சொல்லிக்கொள்ள ஒரு கட்டம் கொடுத்தபோது, அவருக்குச் சொல்லத் தோன்றியது இதுதான். வீட்டுக்குத் திரும்பி வந்து மாட்டப் போகிறவர் எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறார்.

டாக்டர் பெண் பக்கத்தில் வந்து மண்டியிட்டாள். அந்த நிலையிலும் அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அம்மா, எப்படிப் படிச்சீங்க?"

தையல்காரம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவை முனையில் துடைத்தாள்.

"தெரியலைம்மா" என்றாள். "பார்த்தேன். தெரிஞ்சுது."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

டாக்டர் பெண் மூன்று வரியையும் சரியாகத் தட்டி மக்குக்கு அனுப்பினாள். "இனிமே அதுக்கு வாஷர்னா தெரியுமா?" என்று கேட்டாள் மகள். "இன்னும் ஒரு லட்சம் வாஷர் காட்டணும்" என்றாள் டாக்டர் பெண். கோப்பை மூடும்போது நாத்தனார் அவள் முழங்கையைத் தொட்டாள்.

"ஏம்மா, படிக்கறவங்க மூளைதான் எடுப்பீங்களா? இல்ல, சாதாரணமாப் பேசற மூளையும் எடுப்பீங்களா?"

"எல்லா விதமும் வேணும் பெரியம்மா. எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான். ஒரு ஃபாரம் கொடுத்துட்டுப் போ. நம்ம குடும்பம்னு வந்த பிறகு ஒருத்தனோட மட்டும் எதுக்கு நிக்கணும்?"

சாயங்காலம் ஐந்தரைக்கு அவர் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் மேசைகளை ஒதுக்கி, நடுவில் கிடத்தினார்கள். தேய்த்த சட்டையில், வியாழக்கிழமை மாதிரி இருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தையல்காரம்மா தலைமாட்டில் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபோது பின்னந்தலையில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். காதுக்குக் காது தையல் போட்டு, முடியை மேலே இழுத்து விட்டிருந்தார்கள். பொடித் தையல். இடைவெளி சீராக இருந்தது. கடைசி முடிச்சை மட்டும் கொஞ்சம் மொத்தமாகப் போட்டிருந்தார்கள். புதுக் கையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

தெரு ஜனங்கள் வந்தார்கள், கையைப் பிடித்தார்கள், உட்கார்ந்தார்கள். தபால் நிலையத்திலிருந்து நாலு பேர் வந்து வரிசையாக நின்றார்கள். நாத்தனார் ஒவ்வொருவரிடமும், "அவன் மூளையை ஆராய்ச்சிக்குக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. எங்க அப்பா மூளை" என்று சொல்லிவிட்டு அழுதாள். இப்போது அழுகை நன்றாக வந்தது.

கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது தையல்காரம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே மகள் வந்தாள். முக்காலியைப் போட்டு ஏறி, மேல் தட்டில் பழைய டப்பாக்களுக்குப் பின்னால் கையை விட்டாள் தையல்காரம்மா. செய்தித்தாள் துண்டில் மடித்த சின்னப் பொட்டலம் ஒன்று அகப்பட்டது. பிரித்தாள். கறுப்பு ரப்பர் வளையம், புத்தம்புதிது.

"கொடு, நான் மாட்டறேன்" என்று மகள் வாங்கினாள். வேலைச் சட்டைப் பையிலிருந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். குழாயின் தலையைக் கழற்றி, பழைய வாஷரை எடுத்து, புதியதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். திருப்பி வைத்துப் பார்த்தாள்.

"அம்மா."

"என்ன?"

"நம்மளுது அரை இஞ்சுக் குழாய். இது முக்கால்."

தையல்காரம்மா குனிந்து இரண்டையும் பார்த்தாள். உண்மைதான். கண்ணால் பார்த்தாலே தெரிகிற வித்தியாசம். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்படியும் சத்தம் வெளியே வந்துவிட்டது. கூடத்திலிருந்து நாத்தனார், "அழுவட்டும் விடு, அழுவட்டும். காலையிலேருந்து அவ அழவே இல்லை" என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

மகள் பழைய வாஷரையே திரும்பப் போட்டு முடுக்கினாள். குழாய் பழையபடி சொட்டியது.

"நாளன்னைக்கு பிளம்பருக்குச் சொல்லிடவா?"

தையல்காரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முக்கால் இஞ்சு வாஷரை அதே காகிதத்தில் வைத்து, அதே மடிப்பில் மடித்தாள்.

"வேண்டாம். கூப்பிடாதேன்னு எழுதியிருக்கார்."

சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த வாளியை நிமிர்த்திக் குழாய்க்கு நேர் கீழே நகர்த்தினாள். வெறும் வாளி. முதல் சொட்டு விழுந்த சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது.